உங்களுக்குத் தெரியுமா? தறி வீட்டுத் தோட்டத்துப் பக்கம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கிற பேரூர் தேசூர். ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரம். நெசவாளர் தெரு வீடுகள் அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும் இருக்கும். முன்னால் தறி, நடுவே அடுப்படி, கடைசியில் கிணற்றடியும் துவைக்கிற கல்லும். அந்தக் கடைசித் துண்டு நிலத்தைப் பற்றித்தான் இந்த வாரத் துணுக்குகள்.

● ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வருடம் முழுக்கக் காய்கறி வேண்டுமென்றால் 5 சென்ட் நிலம் போதும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 5 சென்ட் என்றால் இரண்டாயிரம் சதுர அடிக்கு மேல். தறி வீட்டில் அதற்கு எங்கே போவது? கணக்கை வேறு மாதிரி போடலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் காய்கறி, அதில் கீரை 50 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-இல் சொன்ன அளவு. ஐந்து பேருக்குக் கால் கிலோ கீரை. இதைத் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே உள்ள இடத்திலேயே எடுத்துவிடலாம். முளைக்கீரை விதைத்து 25 நாளுக்குள் பிடுங்கலாம். வாரம் ஒரு பாத்தி வீதம் தள்ளித் தள்ளி விதைத்தால் கீரைக்காரம்மா வராத நாளிலும் கவலையில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீரையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. முதல் வருடமே கோஸும் காலிஃபிளவரும் போட்டு அலுத்துப்போனவர்கள்தான் அதிகம்.

● பந்தல் அவரையை ஆடியில் போட்டாலும் ஐப்பசியில் போட்டாலும் பூ எடுப்பது ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். ஏன் தெரியுமா? பழைய நாட்டு அவரை பகல் பொழுதைப் பார்த்து நடக்கிற செடி. பகல் சுருங்கினால்தான் அதற்குப் பூக்கிற எண்ணமே வரும். நம் பக்கத்தில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அவரைக்கு அது போதும். ஆடியில் போட்டவருக்குக் கார்த்திகைக்குள் பந்தல் நிறையக் கொடி இருக்கும், மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஐப்பசியில் போட்டவருக்கு முழங்கால் உயரக் கொடியில் நாலு காய். தையில் போட்டவருக்கு இலைதான் மிச்சம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னதில் மழைக் கணக்கோடு வெயில் கணக்கும் சேர்ந்திருக்கிறது. எல்லாப் பருவத்திலும் காய்க்கும் குத்து அவரை ரகங்கள் இப்போது இருக்கின்றன. ருசி பந்தல் அவரைக்குத்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஊறி நெசவு தடைப்படும். அவரைக் கொடி பந்தலைப் பிடித்து ஏறுவது அதே மாதங்களில்தான்; அதை ஏற்றிக் கட்டிவிடக் கை சும்மா இருக்கும்.

● "பூ பூவா கொட்டுது, ஒரு பிஞ்சு நிக்கல" என்று சுரை, பீர்க்கு, புடலை போட்டவர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். காம்புக்கும் பூவுக்கும் நடுவே குட்டிக் காய் இருந்தால் அதுதான் பெண். அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி உதிர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும். ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்த புடலம்பூ இரவில் விரியும். அவற்றைத் தேடி வருபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். பூசணியும் பாகலும் விடியற்காலைக்காரர்கள், அவற்றுக்குத் தேனீ. பூச்சி நடமாட்டம் இல்லாத வீடா? ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவுங்கள். சுரைக்கு விளக்கு வைக்கிற நேரம், பூசணிக்குக் கோலம் போடுகிற நேரம். பூச்சிமருந்தை மாலையில் அடிக்கிற பழக்கம் தேனீக்கு நல்லது, சுரைப்பூவுக்கு வருகிற அந்துக்குக் கெட்டது.

● கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். அதனால்தான் பறவை எச்சம் போன்ற அதே குட்டிப் புழு இரண்டிலும் இருக்கிறது. வளர்ந்தால் பச்சைப் புழு, பிறகு அழகான வண்ணத்துப்பூச்சி. கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து எதற்கு?

● வெண்டையும் பருத்தியும் உறவு. இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்பீர்கள். செம்பருத்தியும் அதே வீட்டுப் பெண்தான். மாவுப்பூச்சியும் மூன்றுக்கும் பொது. ஆகவே வெண்டைப் பாத்தியைச் செம்பருத்திக்கு அடியில் போடாதீர்கள்.

● பட்டுப்புழு தின்கிற மல்பெரிச் செடியின் பழத்தை நாமும் தின்னலாம். குச்சி நட்டாலே பிழைத்துவிடும். சேலை காயும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், கறை போகாது.

● நெசவு ஊர்க்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய துணுக்கு இது. கிணற்றடித் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுவது நல்ல பழக்கம். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் சரி. பட்டு அவித்த தண்ணீரும் சாயம் போட்ட தண்ணீரும் அந்த வாய்க்காலுக்கு வரவே கூடாது. பச்சைப் பட்டின் மேல் இருக்கும் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் மண்ணை உவராக்கிவிடும். சாயங்களிலோ சிலவற்றில் குரோமியம், தாமிரம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. கீரை அவற்றை உறிஞ்சும். பார்வைக்குப் பசுமையாகவே இருக்கும். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டளவில் ஒரு வாளி சாயத் தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம். தோட்டமும் ஒரு கைப்பிடி அளவுதான்.

● இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 ஜூன் மாதம், அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை விட அமைச்சரவை முடிவெடுத்தது. எதற்கு? வீட்டில் பயிர் செய்வதற்கு! பெட்ரோல் தட்டுப்பாடும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன என்றும், அந்நாட்டுக் காய்கறியில் ஏறக்குறைய 40 சதவீதம் அவற்றில் விளைந்தது என்றும் மதிப்பிடுகிறார்கள். சோவியத் யூனியன் உடைந்து எண்ணெயும் உரமும் வராமல் போனபோது கியூபாவின் தலைநகர் ஹவானாவும் காலி மனைகளில் காய்கறி போட்டுத்தான் சமாளித்தது. கஷ்டம் வந்தால்தான் அரசாங்கங்களுக்குப் பாத்தி ஞாபகம் வருகிறது.

● வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை. பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. பிறகு அதன் அடியிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகிறது. அதனால்தான் பூத்ததும் மண் அணைக்கிறார்கள்.

● முருங்கைப் போத்து நட்டால் மரம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 என்றால் விதை போட்டு ஆறு மாதத்தில் காய்; அறுவடை முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். சின்ன இடத்துக்கு இதுதான் தோது. கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது பந்தம் காட்டுகிறவர்கள் புத்திசாலிகள்.

● கொடியில் காய்த்ததுதானே என்று கசக்கிற சுரைக்காயைச் சாப்பிடாதீர்கள், சாறாகக் குடிக்கவே குடிக்காதீர்கள். அந்தக் கசப்பு நச்சு. இந்தியாவில் உயிர் போன சம்பவங்கள் உண்டு. சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் குப்பைக்கு.

● ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கும் 2023-இல் அது கிடைத்தது தெரியுமா? காம்பில் முள், உள்ளே வெண்ணெய்.

● பஞ்சகவ்யத்தைப் பயிருக்கென்று பக்குவப்படுத்திப் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்பதுதான் அளவு. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகக் காய்க்காது.

● விதைப் பொட்டலத்தின் முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பின்பக்கம் முளைப்புத்திறன், சோதித்த நாள், எதுவரை செல்லும் என்ற தேதி மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். தேதி தாண்டியதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கலப்பின விதை என்று போட்டிருந்தால் அதன் காயிலிருந்து எடுத்த விதையை அடுத்த ஆடிக்கு நம்ப வேண்டாம்.