கட்டிலோடு கிடக்கும் நாள்கள்

முதுகுவலி தாங்க முடியாமல் மருத்துவரிடம் போகிறோம். அவர் ஸ்கேன் படத்தைப் பார்க்கிறார். முதுகெலும்புத் துண்டுகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்கிறார். "ஆறு வாரம் வேலை வேண்டாம். குனிய வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிறார்.

முதல் வாரம் வலியோடே கழிந்துவிடுகிறது. வலி சற்றுத் தணிந்த பிறகுதான் வேறொரு வேதனை தொடங்குகிறது. சமையலறையில் யாரோ நமக்காகக் கஞ்சி வைக்கிறார்கள். வாசலில் யாரோ நம் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள். நாமோ மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிறோம். 'எல்லாருக்கும் சுமையாகிவிட்டோமே' என்ற எண்ணம் மெல்ல வந்து கட்டிலில் நம் பக்கத்தில் அமர்ந்துகொள்கிறது.

இந்த வேதனை நமக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஓய்வு என்றால் என்ன என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்வோம். முன்பெல்லாம் முதுகுவலிக்காரரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். இன்று மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அசையாமல் கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் மெலிந்துபோகும். பிறகு எழுவதே பெரும்பாடாகும். ஆகவே பெரும்பாலான முதுகுவலிக்கு ஓரிரு நாள் படுக்கை போதும். அதன்பின் வீட்டுக்குள் சிறிது சிறிதாக நடக்கச் சொல்கிறார்கள். எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை என்றால் கணக்கு வேறு. அதை நம் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழலாம். ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கில் உணர்வு குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடலுக்கு இவ்வளவு சொல்லிவிட்டோம். நீண்ட பகலை என்ன செய்வது?

1521-ஆம் ஆண்டு மே மாதம் பாம்பலோனா கோட்டைப் போரில் இஞ்ஞாசியாரின் காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. லொயோலாவில் இருந்த தம் வீட்டில் பல மாதம் படுத்தே கிடந்தார். பொழுதுபோக்க வீரக் கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் அது இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. படித்துக்கொண்டும் பகற்கனவு கண்டுகொண்டும் கிடந்தவர் ஒன்றைக் கவனித்தார். உலகப் பெருமையைப் பற்றிய கனவு அந்த நேரத்துக்கு இனித்தது. கலைந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப்போல் வாழும் கனவோ கலைந்த பின்னும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. சற்றுத் தேறியதும், படித்ததில் பிடித்ததை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும், அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும் எழுதினார். ஏறக்குறைய 300 தாள் சேர்ந்தது.

நாமும் இதைச் செய்து பார்க்கலாம். கைப்பேசியை இரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டுக் கீழே வைக்கும்போது மனம் எப்படி இருக்கிறது? ஒரு பழைய நண்பரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வைக்கும்போது எப்படி இருக்கிறது? இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். காலையில் சிறு நடை, பிறகு வாசிப்பு, செபம், படுத்தபடியே செய்யக்கூடிய ஒரு சிறிய வேலை என்று நேரம் வகுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது, பிறர் செய்வதை ஏற்றுக்கொள்வது. கிளைப்பங்குகளுக்கு மோட்டார் சைக்கிளில் அலைந்த நாமும் ஒருமுறை இப்படிக் கிடந்தோம். பங்கு மக்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். "வேண்டாம்மா, உங்களுக்கு ஏன் சிரமம்?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னோம். ஒரு நாள் ஒரு பாட்டி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சாமி, எப்பவும் நீங்க குடுக்கணும், நாங்க வாங்கிக்கிட்டே இருக்கணுமா?" நமக்குப் பதில் வரவில்லை. பணிவு என்று நாம் நினைத்திருந்தது உண்மையில் பெருமை என்று அன்று தெரிந்தது.

மாற்கு நற்செய்தியில் நால்வர் ஒரு முடக்குவாதமுற்றவரைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அந்த நிகழ்ச்சியில் படுக்கையில் கிடந்தவர் ஒரு சொல்லும் பேசவில்லை. தம்மைச் சுமக்க விட்டார், அவ்வளவுதான். ஆண்டவர் பார்த்தது தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையை.

அன்பு நேயர்களே, படுத்திருப்பவர்கள் நாமானால், இன்று கஞ்சி கொண்டுவருபவரிடம் 'சிரமம்' என்று சொல்லாமல் 'நன்றி' என்று சொல்வோம். நடமாடுபவர்கள் நாமானால், நம் தெருவில் கட்டிலோடு கிடப்பவர் யார் என்று கேட்டறிந்து, இந்த வாரம் ஒரு அரைமணி நேரம் அவர் அருகில் போய் அமர்வோம்.