புதைத்த மண் பேசும்

வேண்டாதவற்றை மண்ணில் புதைப்பது மனித இயல்பு. புதைத்ததை மறந்துவிடுவதும் அவ்வியல்பே. ஆனால், மண் எதனையும் மறப்பதில்லை. மூடப்பட்ட பழைய கழிவுக் குழிகள் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவாகும்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், நயாகரா ஃபால்ஸ் நகரில் 'லவ் கால்வாய்' என்னும் பகுதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டத் தொடங்கிப் பாதியிலேயே கைவிடப்பட்ட கால்வாய் அது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் கழிவுகளை அதில் இட்டு மூடியது. 1953-இல் அந்நிலம் ஒரு டாலர் விலைக்குப் பள்ளி வாரியத்திடம் கைமாறியது. கழிவு புதைக்கப்பட்ட செய்தி பத்திரத்தில் இருந்தது. ஆயினும் அங்கே பள்ளி எழுந்தது; சுற்றிலும் வீடுகள் பெருகின. வீடு வாங்கியோர் பலர் அச்செய்தியை அறிந்திலர். காலப்போக்கில் நஞ்சு வீடுகளின் நிலவறைகளில் கசிந்தது. 1978-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளி மூடப்பட்டது, குடும்பங்கள் குடிபெயர்ந்தன.

இத்தகைய நிலத்தை ஆராய்வது எங்ஙனம்? கண்ட இடத்தில் துளையிட்டால் பீப்பாய் உடையலாம். நச்சு வாயு வெளிப்படலாம். அடியிலுள்ள களிமண் படுகை துளைபட்டு, நஞ்சு நிலத்தடி நீரில் கலக்கலாம். அன்றியும், ஒரு துளை தான் இறங்கிய இடத்தைப் பற்றி மட்டுமே கூறும். எனவேதான், உடலைக் கீறுமுன் நாடி பார்க்கும் மருத்துவரைப்போல, நிலத்தைத் தோண்டாமலே அறியும் புவி இயற்பியல் முறைகளை அறிஞர் நாடுகின்றனர்.

முதலாவது, மின்தடை அளவீடு. நிலத்தில் வரிசையாக மின்முனைகளை நட்டு மின்னோட்டம் செலுத்துவர். கழிவிலிருந்து வடியும் நீரில் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருப்பதால், அது மின்சாரத்தை எளிதில் கடத்தும். மின்தடை எங்கே குறைகின்றதோ, அங்கே கசிவு இருக்கலாம் என ஐயுறுவர். மின்காந்தத் தூண்டல் முறையிலோ மின்முனை நடவும் வேண்டுவதில்லை. கருவியைச் சுமந்து நடந்தே பரந்த நிலத்தை அளந்துவிடலாம். காந்தமானி, புதைந்த இரும்புப் பீப்பாய்களைக் காட்டிக்கொடுக்கும். நெகிழிப் பீப்பாய்களை அது அறியாது. ரேடார் அலைகள் குழியின் விளிம்பைத் தெளிவாகக் காட்டக்கூடும். ஆனால், ஈரக் களிமண்ணில் அவை ஆழமாகச் செல்லமாட்டா. நில அதிர்வு அலைகள் தளர்ந்த குப்பையில் மெதுவாகவும் இறுகிய மண்ணில் விரைவாகவும் செல்வதால், குழியின் ஆழத்தை மதிப்பிட உதவும்.

இங்கு நாம் ஓர் எச்சரிக்கையை மனங்கொள்ள வேண்டும். களிமண்ணும் மின்சாரத்தை நன்கு கடத்தும். அதனைக் கசிவெனக் கொள்வதும், கசிவைக் களிமண்ணெனத் தள்ளுவதும் பிழையே. எனவே, ஒரு கருவியின் சான்றை மற்றொன்றின் சான்றோடு ஒப்பிட்டு, இறுதியில் தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் துளையிட்டு உறுதி செய்வர். துளையிடுதலை இம்முறைகள் நீக்குவதில்லை. எங்கே துளையிடுவது என்பதையே கற்பிக்கின்றன.

லவ் கால்வாய்ப் பகுதியில் 1980-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மேற்கொண்ட ஆய்வில் இத்தகைய முறைகளும் இடம்பெற்றன. ஆனால், அப்பள்ளி கட்டப்பட்டு அதற்குள் கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

கருவி கூறுவதைக் கட்டடம் எழுமுன் கேட்பதே அறிவுடைமை. புதைத்தவர் எழுதி வைக்க வேண்டும். வாங்குவோர் கேட்டறிய வேண்டும். கட்டுவோர் அளந்தறிய வேண்டும். இம்மூன்றும் தவறிய இடத்தில், விலை கொடுப்போர் அம்மண்ணில் விளையாடும் குழந்தைகளே என்பதை நாம் மறத்தலாகாது.