பட்டறையில் ஜெயிக்கிற பந்தயம்

நடிகர் அஜித் புண்ணியத்தில் கார் பந்தயம் ராஜபாளையத்து டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி 992 பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, ‘பிட் ஸ்டாப்’ என்றால் என்னவென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவருக்கும் தெரிகிறது. சந்தோஷம்தான். ஆனால் அவர் அணியின் போர்ஷே கார் நம் ஊர் மெக்கானிக் கையில் ஒருநாளும் அகப்படப் போவதில்லை.

நம் பட்டறைக்கு சர்வீஸுக்கு வருகிற ஜாதிக் கார்கள் ஓடும் பந்தயம் ஒன்று இதே தமிழ்நாட்டில் நடக்கிறது. டூரிங் கார் பந்தயம் என்று பெயர். எஸ்டீம், ஹோண்டா சிட்டி, போலோ, எட்டியோஸ் எல்லாம் இந்தக் களத்தில் ஓடியவை. தேசிய சாம்பியன்ஷிப்பில் ‘இந்தியன் டூரிங் கார்ஸ்’, ‘ஜூனியர் டூரிங் கார்ஸ்’, புதியவர்களுக்கு ‘சூப்பர் ஸ்டாக்’ என்று பிரிவுகள் உண்டு. களம் இரண்டு: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. இதைப் பற்றித்தான் நம் ஊரில் பேச்சே இல்லை.

ஷோரூம் காரைப் பந்தயக் காராக்குவது முதலில் பிரிப்பு வேலை. பின் சீட், தரை விரிப்பு, ஏ.சி., கதவு உள்பக்கத்து அட்டை எல்லாம் கழன்று ஓரமாகப் போய்விடும். மிஞ்சுவது வெறும் தகரக் கூடு. அதற்குள் இரும்புக் குழாய்களை வளைத்துக் கூண்டாக வெல்டிங் வைப்பார்கள். ரோல் கேஜ் என்கிற இந்தக் கூண்டுதான், வண்டி நாலு குட்டிக்கரணம் போட்டாலும் கூரை தலையில் இறங்காமல் காக்கும். ஒரு வெல்டில் சந்தேகம் வந்தாலும் ஆய்வு அதிகாரி வண்டியைத் தடத்தில் இறங்க விடமாட்டார். பிறகு ஒற்றை சீட், தோளையும் இடுப்பையும் சேர்த்து இறுக்கும் பெல்ட், தீயணைப்பான். பானெட் பக்கம் நீல முக்கோணத்துக்குள் மின்னல் கோடு போட்ட ஓர் ஒட்டி இருக்கும். விபத்து நடந்தால் வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அங்கேதான். எதிரே நின்று பார்த்தால் முன் சக்கரங்கள் உச்சியில் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நம் பட்டறைக்கு அப்படி ஒரு கார் வந்தால் உடனே அலைன்மென்ட் பார்க்கச் சொல்வோம். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது டயர் முழுசாகத் தரையில் படியட்டும் என்றுதான் அங்கே வேண்டுமென்றே சாய்க்கிறார்கள்.

நேர்ச் சாலையில் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம், வளைவில்தான் விஷயம். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதி முக்கில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் தேரைத் திருப்புகிறவர் முட்டுக்கட்டை போடுகிறவர்தான்.

ஒரே நாளில் கப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற சமாச்சாரமும் இல்லை இது. 1958இல் தொடங்கிய பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். பத்து வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பந்தயம், ஆக மொத்தம் முப்பது. ஜெயித்தால் 20 புள்ளி, இரண்டாவது வந்தால் 17. ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டே போகாமலிருக்க, முந்துகிறவர் காரில் பாரம் ஏற்றும் வழக்கம் பல வருஷம் இருந்தது. ஒரு கட்டத்தில் 75 கிலோ வரை. கிட்டத்தட்ட இன்னொரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டு என்பதுதான்!

2019இல் அதே சாம்பியன்ஷிப்பில் நடந்ததை மோட்டார்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். சீசனின் கடைசிப் பந்தயம், பிராண்ட்ஸ் ஹாட்ச் களம். ஹோண்டா சிவிக் ஓட்டிய டான் காமிஷ் இப்படியே முடித்தால் சாம்பியன் என்ற நிலை. பி.எம்.டபிள்யூவில் வந்த காலின் டர்கிங்டனோ, முந்தைய பந்தயத்தில் இடிபட்டதால் வெகு பின்னாலிருந்து புறப்பட்டவர். முடிய ஒன்றிரண்டு சுற்றே இருக்கும்போது காமிஷின் பிரேக் கைவிட்டது. கார் தடுப்பில் போய் மோதியது. பட்டம் டர்கிங்டனுக்கு. முப்பது பந்தயம் ஓட்டிச் சேர்த்ததை ஒரு பிரேக் கொண்டுபோய்விட்டது. ஓட்டுநரைக் குறை சொல்ல ஏதுமில்லை அதில்.

தமிழ்நாட்டில் இந்த வித்தை சோழவரத்தில் பிறந்தது. போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு நிரந்தரத் தடம் வந்தது. ஆனால் ராஜபாளையத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது கோவையின் கதை. லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே செய்தார். நரேன் கார்த்திகேயன் ஓட்டப் பழகியது அதில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். 2003இல் திறந்த செட்டிபாளையம் களத்துக்கு அவர் பெயர்தான். நூற்பாலைக் காசும் லேத் பட்டறைக் கையும் சேர்ந்தபோது அங்கே பந்தயம் பிறந்தது. கோவையின் எல்.ஜி.பி. என்ற செயின் கம்பெனியின் பேரில் ஒரு பந்தயப் பிரிவே ஓடுகிறது.

ஆலைக் காசும் பட்டறைக் கையும் நமக்கு இல்லையா என்ன? ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக்கிலும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும் பையன்கள் மெக்கானிக்கல் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். படித்துவிட்டு, கொல்லம் ரோட்டில் யார் முதலில் தென்காசி போவது என்று உயிரைப் பணயம் வைப்பதற்குத் தடம் எவ்வளவோ மேல்.

தடம் கட்டச் சொல்லவில்லை. அது கோவையில் இருக்கிறது. ஆலை முதலாளிகளே, ஒரு பழைய கார், ஒரு சீசன் செலவு, நம் பாலிடெக்னிக் பையன்கள் நாலு பேர், கூட ஒரு நல்ல வெல்டர். சூப்பர் ஸ்டாக்கில் கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, ராஜபாளையம் என்று கதவில் எழுதிய ஒரு காரை அனுப்புங்கள்.