மஞ்சள் பக்கத்தை மூடிவிடாதீர்கள்

கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணினி புதிதல்ல. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், 2017-இல் 'கைட்' நிறுவனமாக வளர்ந்தது. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் ஓடுகிறது; கணினிப் பாடநூல் தமிழிலும் அச்சாகிறது. பத்தாம் வகுப்புக்குள் பைத்தானையும் தொட்டுவிடுகிறார்கள். பிறகு கல்லூரியில், பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் கைவைக்கும்போதுதான் திணறல்.

காரணம் இருக்கிறது. பள்ளியில் எழுதியது ஒரே கோப்பு. மேலிருந்து கீழாக ஓடும். ஜாங்கோவிலோ நாம் எழுதியதை அதுவே தேடிவந்து கூப்பிடும். எங்கே தேடுவது என்று சொல்லிவைக்காத நிரல், ரேஷன் கார்டில் பேர் சேர்க்காத பிள்ளை மாதிரி: வீட்டில் இருக்கும், கணக்கில் இருக்காது.

உதாரணத்துக்கு, ஜாங்கோவில் புது ஆப் ஒன்றை உருவாக்கி, தரவின் வடிவத்தைச் சொல்லும் மாடலும் எழுதியாயிற்று. 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலில் மட்டும் அதைச் சேர்க்கவில்லை. மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளை கொடுத்தால் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று சாதுவாகப் பதில் வரும். சிவப்பில் கத்தும் பிழையைவிட இந்தச் சாதுப் பதில்தான் ஆளை அலைக்கழிக்கும். பட்டியலில் சேர்த்தபின்னும் பலர் பாதியில் நிற்பார்கள்: மேக்மைக்ரேஷன்ஸ் திட்டத்தை எழுதிவைக்கும், அவ்வளவே. மைக்ரேட் கொடுத்தால்தான் டேட்டாபேஸில் அட்டவணை உருவாகும்.

அடுத்த தடுமாற்றம், பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட். அது கிடைக்காதபோது வரும் மஞ்சள் பிழைப் பக்கத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். எந்தெந்த ஃபோல்டரில் தேடினேன் என்று ஜாங்கோ வரிசையாகச் சொல்வதே அங்கேதான். அந்த முகவரிகளைத் தன் ஃபோல்டரோடு ஒப்பிட்டால், 'டெம்ப்ளேட்ஸ்' என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போனது தெரிந்துவிடும்.

மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் அட்மின் பக்கத்தில் தமிழ் வரும். மஞ்சள் பக்கம் ஆங்கிலத்திலேயே நிற்கும். ஆங்கிலம் தடுமாறினாலும் பாதகமில்லை. பிழை வந்த வழியைக் காட்டும் டிரேஸ்பேக்கின் கடைசி வரியை முதலில் படியுங்கள். அங்கிருந்து மேலே ஏறி, உங்கள் கோப்பின் பெயர் வரும் இடத்தில் நில்லுங்கள். மற்ற வரிகளில் பெரும்பாலானவை ஜாங்கோவின் உள்வேலை.

படிவத்தை அனுப்பினால் 403 வருகிறதா? போலிப் படிவங்களைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் விட்டுப்போயிருக்கும். அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் யோசனைக்குக் காது கொடுக்காதீர்கள். படிவத்துக்குள் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

தளத்தை ஊருக்குத் திறந்துவிடும் அன்று, பிழை விவரம் காட்டும் 'டிபக்' அமைப்பை அணைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மஞ்சள் பக்கம் உங்கள் கோப்புப் பாதைகளை வந்தவருக்கெல்லாம் காட்டும். கூடவே 'அலவ்டு ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் தளத்தின் பெயரை எழுதுங்கள். விட்டுவிட்டால் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் 400தான் வரும்.