கரண்ட் வந்தாச்சு, சிசிடிவி வரலையா? வீட்டு வைஃபையில் ஐபி முகவரியை நிலையாக வைப்பது எப்படி?

நவம்பர் தொடங்கி மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலம். அம்மா அப்பா மெர்சிங் வீட்டில். நீங்கள் வேலைக்காக ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ. கனமழைக்கு நடுவே மின்தடை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது, வைஃபையும் வந்துவிட்டது. ஆனால் உங்கள் கைப்பேசியில் வீட்டு சிசிடிவி மட்டும் திறக்கவில்லை. பிரிண்டரும் 'ஆஃப்லைன்' என்கிறதாம்.

கேமரா போச்சு என்று முடிவு கட்டுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்தச் சாதனங்களின் ஐபி முகவரி மாறியிருக்கலாம்.

முகவரி ஏன் மாறுகிறது?

தியோமான் தீவுக்குப் படகேற வருபவர்கள் மெர்சிங்கில் ஓர் இரவு தங்குவார்கள் இல்லையா? தங்கும் விடுதியில் காலியாக இருக்கும் அறையைக் கொடுப்பார்கள். இன்று 5ஆம் எண் அறை, அடுத்த முறை 8ஆம் எண்ணாக இருக்கலாம். உங்கள் ரூட்டரும் இதைத்தான் செய்கிறது. வைஃபையில் இணையும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரியைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. இந்த முறைக்குப் பெயர் டிஎச்சிபி. இப்படிக் கிடைப்பது டைனமிக் ஐபி, அதாவது மாறும் முகவரி.

இது வாடகை மாதிரி, காலக்கெடு உண்டு. பாதிக் காலம் கழிந்ததும் சாதனமே ரூட்டரிடம் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் சாதாரண நாட்களில் முகவரி அவ்வளவாக மாறாது. மின்தடைக்குப் பின் ரூட்டர் மறுபடி இயங்கும்போதுதான் சிக்கல். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைச் சில ரூட்டர்கள் மறந்துவிடும். நேற்று 192.168.1.50 என்று இருந்த சிசிடிவி ரெக்கார்டர் இன்று 192.168.1.53 ஆகிவிடும். பழைய முகவரியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் இதனால் பாதிப்பில்லை. மற்ற சாதனங்கள் தேடி வரவேண்டிய பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் போன்றவற்றுக்குத்தான் நிலையான முகவரி, அதாவது ஸ்டேடிக் ஐபி தேவை.

எப்படிச் செய்வது?

சுலபமான வழி, ரூட்டரிலேயே முகவரியை 'முன்பதிவு' செய்வது.

1. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். வீட்டு வைஃபையில் இருந்தபடி அதை பிரவுசரில் தட்டி உள்ளே நுழையுங்கள்.

2. லேன் அல்லது டிஎச்சிபி பகுதியில், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேக் முகவரி இருக்கும். அது சாதனத்தின் மைகாட் எண் மாதிரி.

3. 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டேடிக் லீஸ்' என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு ஓர் ஐபி முகவரியை ஒதுக்கிச் சேமியுங்கள்.

4. சாதனத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அவ்ளோதான்.

ஒரு எச்சரிக்கை: புதிய கைப்பேசிகள் தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மேக் முகவரியைக் காட்டும். கைப்பேசிக்கு முன்பதிவு செய்வதாக இருந்தால், வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைக்க வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது வழி, சாதனத்திலேயே நேரடியாக முகவரியைப் பதிவது. ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (வீடுகளில் பெரும்பாலும் 255.255.255.0), கேட்வே (ரூட்டரின் முகவரி), டிஎன்எஸ் ஆகிய நான்கையும் நிரப்ப வேண்டும். ரூட்டர் 100 முதல் 200 வரை விநியோகிக்கிறது என்றால், நீங்கள் 50 மாதிரி அதற்கு வெளியே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒரே முகவரி இரண்டு சாதனங்களுக்குப் போய், இரண்டுமே தடுமாறும்.

வெளியூரிலிருந்து பார்க்க இது போதுமா?

போதாது. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. உங்கள் வீட்டுக்கு இணையச் சேவை நிறுவனம் கொடுக்கும் பொது முகவரி வேறு. அதுவும் பொதுவாக மாறக்கூடியதே. நிலையான பொது முகவரியை நிறுவனங்கள் பெரும்பாலும் வணிகத் திட்டங்களில், கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன.

காரணம் பற்றாக்குறை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்தை எட்டிவிட்டது. அதனால் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும் சிஜிநாட் முறையும் புழக்கத்துக்கு வந்தது.

உங்கள் வீடு அதில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். ரூட்டரில் 'வேன் ஐபி' என்று காட்டும் எண்ணையும், கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் வரும் ஐபிவி4 எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால், மாறும் பொது முகவரியைப் பின்தொடர டிடிஎன்எஸ் சேவை உதவும். ரூட்டரில் காட்டுவது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், அது சிஜிநாட். அப்போது போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு செய்தாலும் வேலைக்கு ஆகாது. கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலி போன்ற வழியைத்தான் நாட வேண்டும்.

கதவைத் திறக்குமுன் பூட்டை மாற்றுங்கள்

கேமராவை வெளியிலிருந்து பார்க்க வழி திறந்தால், அந்த வழியில் மற்றவர்களும் வந்து தட்டுவார்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றியது. அந்தச் சாதனங்களை வைத்து நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற தளங்களே அந்த அக்டோபரில் முடங்கின.

ஆகவே ரூட்டர், கேமரா இரண்டின் கடவுச்சொல்லையும் முதலில் மாற்றுங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள். எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி என்று ஒரு தாளில் எழுதி ரூட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். அடுத்த முறை ஏதாவது நின்றுபோனால், வீட்டில் இருப்பவர்கள் போனிலேயே அதை உங்களுக்குப் படித்துக் காட்டலாம்.