கொங்கு நாட்டைப் படித்தவர்கள்

1964-இல் பிரெண்டா பெக் என்ற இளம் ஆய்வாளர் காங்கேயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டு ஊரிலேயே குடியிருந்தார். வலங்கை, இடங்கை என்று சாதிகள் எப்படிப் பிரிந்து நின்றன, யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை 1965-இல் ஒலிநாடாவில் பதிந்தார். கொங்குக் குடியானவர்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது 1972-இல். ஊருக்குள் கால் வைத்து எட்டு ஆண்டுக்குப் பிறகு.

பெக் வந்து இறங்கியபோது கோவையில் பல்கலைக்கழகம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக இருந்தது 1982-இல்தான் பாரதியார் பல்கலைக்கழகமாக ஆனது. அதனால் கொங்கைப் பற்றிய பெரிய ஆய்வுகள் வெகுகாலம் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கையிலேயே இருந்தன. அவர்களில் ஜூடித் ஹேயரை நான் தனியே மதிக்கிறேன். 1981-82-இல் கோவைச் சீமையின் கிராமங்களில் கணக்கெடுத்தவர் 1996-இல் அதே ஊர்களுக்குத் திரும்பினார். 2008-09-இல் மறுபடியும் வந்தார். பண்ணையாள் முறை தேய்ந்ததையும், ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடமும் தலித் குடும்பங்களுக்குக் கைகொடுத்ததையும் ஏறத்தாழ முப்பதாண்டு நீளத்தில் பார்த்த ஆய்வு அது. ஒருமுறை போய்வந்தவர் கண்ணுக்கு அது படாது.

உள்ளூரில் எழுதப்பட்டவையும் உண்டு. கல்லூரி நூலகத்தின் மூலை அலமாரியிலிருந்து அப்படிப் பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ரெக்ஸின் அட்டை, மங்கிய பொன்னெழுத்து. உள்ளே கார்பன் தாளின் நீலம் கசிந்த தட்டச்சுப் பக்கங்கள். அட்டவணைக் கோடுகள் அடிக்கோல் வைத்துக் கையால் போட்டவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிக்குப் பிறகு ஆய்வேடுகள் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. அலமாரியில் தூசி தின்றது இன்று தாராபுரத்து மாணவியின் கைபேசியில் திறக்கிறது. இது சின்ன வரவு அல்ல.

ஆனால் 2010-இல் ஆசிரியர் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறை வந்ததிலிருந்து பேச்சு மாறிவிட்டது. 'எந்த ஊரில் வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்ட இடத்தில் 'ஸ்கோபஸ் ஆய்விதழ்ப் பட்டியலில் எத்தனை கட்டுரை?' என்று கேட்கிறார்கள். ஆண்டறிக்கையில் துறை வாரியாகக் கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை. வகுப்பும் விடைத்தாளும் போக மிஞ்சிய நேரத்தில் எழுதும் ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெக்கைப் போல எட்டு ஆண்டு காத்திருக்க அவர்களை யாரும் விடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆய்வை எழுதும் மொழி மட்டும் அன்றும் இன்றும் அப்படியே இருக்கிறது. திருப்பூர்ப் பனியன் தொழிலைப் பற்றிய ஷரத் சாரியின் 2004-ஆம் ஆண்டு நூலில் 'உழைப்பு' என்ற சொல்தான் நடுநாயகம். தோட்டத்து வேலையிலிருந்து வந்து கம்பெனி முதலாளியானவர்கள் தங்கள் கதையை அந்தச் சொல்லால்தான் சொன்னார்கள். சொன்னவர்கள் பேசியது தமிழ், நூல் ஆங்கிலம். இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளே எழுதும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில்தான் போகின்றன.

நம் ஊர்ப் பிள்ளைகள் என்பதை அழுத்தியே சொல்கிறேன். அன்று கேள்வி கேட்டவர் வெளியூர், பதில் சொன்னவர் கூலிக்காரர். சென்ற ஆண்டு அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஆய்வு மாணவி ஒருத்தியோடு போயிருந்தேன். கூலி வேலைக்குப் போகும் தாயின் மகள் அவள். கைபேசியில் கூகுள் படிவத்தைத் திறந்து நாற்பது கேள்வி கேட்டாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. எதிரில் இருந்த ஆத்தா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இதையெல்லாம் எழுதி எங்களுக்குப் படிச்சுக் காட்டுவீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

மாணவி கைபேசியை அணைத்துப் பையில் போட்டாள். திண்ணையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க ஆத்தா" என்றாள்.