காத்திருப்பது யார்?

ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓட்டுகிறவர்கள், பிஎஸ் கட்டளையில் கே சேர்த்து முதல்முறை அடிக்கும்போது கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். ஏஐஓசர்வர் என்ற ஒரே பெயர் வரிவரியாக ஓடும். நாம் ஏவியதும் இல்லை, ஆரக்கிள் ஏவியதும் இல்லை. எல்லாம் கர்னலே தனக்காக வைத்திருக்கும் பிராசஸ்கள். இவை எதற்கு என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

சுழலும் டிஸ்க்கில் ஒரு பிளாக்கைத் தேடி எடுக்க 5 முதல் 10 மில்லிசெகண்ட் ஆகும். அதுவரை கேட்ட பிராசஸ் தூங்கும். ஒரு தகவல் கேட்டு வந்த பயனருக்கு இதில் குறையில்லை. அது வராமல் அவருக்கும் வேலை ஓடாது. ஆனால் மாறிய பிளாக்குகளை டிஸ்க்கில் எழுதும், ஆரக்கிளின் டிபி ரைட்டரை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பிளாக், ஒன்றுக்கு 5 மில்லிசெகண்ட், ஒவ்வொன்றாக நின்று எழுதினால் 5 வினாடி. அதற்குள் மெமரியில் காலி பஃபர் தீர்ந்து, மற்ற எல்லோரும் அதன் பின்னால் தேங்குவார்கள். அதனால்தான் அசிங்க்ரனஸ் ஐஓ, அதாவது ஏஐஓ: மொத்தக் கோரிக்கையையும் கர்னலிடம் கொடுத்துவிட்டு, முடிந்ததைப் பிறகு வாங்கிக்கொள்வது.

சரி, அப்போது காத்திருப்பது யார்? ஃபைல் சிஸ்டம் இல்லாத ரா டிவைஸ் என்றால் யாருமில்லை. கோரிக்கை நேராக டிரைவருக்குப் போகும், வேலை முடிந்ததும் டிஸ்க் பக்கமிருந்து இன்டரப்ட் வரும். ஃபைல் சிஸ்டம் அப்படியில்லை. லாக் எடுக்க வேண்டும், பிளாக் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்கு வேண்டுமானாலும் தூங்க நேரும். தூங்குவதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் ஏஐஓசர்வர். ரேஷன் வரிசைக்குப் பையனை அனுப்பிவிட்டு நாம் வீட்டு வேலையைப் பார்ப்பதுபோல. வரிசையின் நீளம் குறையாது.

ஒரு ஏஐஓசர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் பார்க்கும். ஏஐஎக்ஸ் 5.3-இல் இவற்றின் உச்சவரம்பான மேக்ஸ்சர்வர்ஸ் இயல்பாகவே சிபியுவுக்கு 10. நாலு சிபியு மெஷினில் 40. நாற்பத்தொன்றாவது கோரிக்கை, டிஸ்க் சும்மா இருந்தாலும், வெளியே நிற்கும். பழி என்னவோ டிஸ்க் மேல்தான் விழும்! 6.1-லிருந்து இந்தத் தலைவலி குறைந்தது: தேவைக்கேற்ப ஆட்கள் கூடும், சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே விலகும். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா தூங்குகிற பிராசஸ் சிபியுவைத் தொடாது. ஆனால் அந்த எண்ணிக்கை ஒரு துப்பு. ஃபைல்களை சிஐஓ (கன்கரன்ட் ஐஓ) முறையில் திறந்திருந்தால் கோரிக்கைகள் குறுக்குவழியில் போயிருக்கும். கூட்டம் சேர்ந்தால் ஆரக்கிளின் ஃபைல்சிஸ்டம்ஐஓ ஆப்ஷன்ஸைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

2025-இல் வந்த இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 18-உம் இதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தது. இயல்பாக மூன்று ஐஓ ஒர்க்கர்கள் டேட்டாவைப் படித்துக் கொடுக்கும். இவை கர்னலுடையவை அல்ல, போஸ்ட்கிரெஸின் சொந்தப் பிராசஸ்கள். லினக்ஸில் கர்னலின் அசிங்க்ரனஸ் வழியான ஐஓ-யூரிங்கைத் தேர்ந்தெடுத்தால் ஒர்க்கர்கள் வேண்டாம். ஆனால் தூங்க வேண்டிய வேலை ஏதாவது வந்துவிட்டால், அங்கேயும் கர்னல் தன் த்ரெட் ஒன்றை அனுப்பிவைக்கிறது.